சிவப்புக் கண்ணாடி போட்டு எடுத்த படம்

ஒன்பது வயதில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், என் அக்கா இன்று புளியங்குடியில் தன் கணவர் வீட்டில் இருந்திருப்பாளா? இதற்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. இருந்திருப்பாள் என்று ஒரு நாள் தோன்றுகிறது. ஒன்பது வயதுப் பெண் சொல்லி யார் கேட்டிருக்கப் போகிறார்கள் என்று மறுநாள் தோன்றுகிறது. எது எனக்கு வசதியோ அதைத்தான் அன்றன்றைக்கு நம்புகிறேனோ என்ற சந்தேகமும் கூடவே வருகிறது.

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் சகோதரிகளில் பலர் என்னைப்போல் கைக்குழந்தைக்காரிகளாக இருப்பீர்கள். என் மகளுக்கு எட்டு மாதம். அவள் மத்தியானம் தூங்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். பத்து வரிக்கு ஒரு தரம் எழுந்துபோய் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன். அதனால் எழுத்தில் கோவை இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு தென்காசியில், மொட்டையாக நின்ற கோயில் கோபுரத்துக்கு மேற்கே இரண்டாவது தெருவில் இருந்தது. யுத்தத்துக்கு முந்தைய அந்த வருஷம் சாரல் ஆனி பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. காற்று வீசும்போது கதவை ஒருவர் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் தாழ் போட வேண்டும். கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. அடுக்களை, கூடம், சாமி அறை எங்கும் ஈர வேட்டி நாற்றம். உப்புச் சாடியில் கை விட்டால் உப்பு சேறாக ஒட்டும்.

அந்தக் காற்றில்தான் மாமா வந்து இறங்கினார். அம்மாவின் ஒரே தம்பி. மலேயாவில் ரப்பர்த் தோட்டத்து ஆபீஸில் வேலை. அக்காவின் கல்யாணத்துக்கு வர முடியவில்லை என்று, மூன்று மாதம் கழித்து லீவில் வந்தார். தோளில் ஒரு தோல்பை. அதற்குள் துருத்திபோல விரியும் மடக்குக் கேமரா. பையின் பக்க அறையில் ஒரு தட்டையான பெட்டி. உள்ளே நீல வெல்வெட்டுக் குழிகளில் பித்தளை வளையம் போட்ட மூன்று வட்டக் கண்ணாடிகள்: மஞ்சள், பச்சை, சிவப்பு.

கேமராவை யாரும் தொடக்கூடாது. கண்ணாடிப் பெட்டியை மட்டும் என்னிடம் கொடுத்தார். "ஏட்டி, இதுக்கு நீதான் பொறுப்பு. கைரேகை படாம விளிம்பைப் பிடிச்சு எடுக்கணும். எண்ணெய்க் கையோட தொட்டே, மலேயாவுக்கு மூட்டை கட்டிக் கொண்டுபோயிருவேன்" என்றார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதுபோல இருந்தது.

எதற்கு அவை என்று கேட்டேன். லென்சின் முன்னால் ஒன்றைச் செருகிப் படம் எடுத்தால் வானமும் மேகமும் வேறு மாதிரி விழும் என்றார். அவர் எடுத்த படங்களைக் காட்டினார். கண்ணாடி இல்லாமல் எடுத்ததில் வானம் வெறும் வெள்ளைத் தாள். மஞ்சள் போட்டதில் மேகம் மெல்லத் தெரிந்தது. சிவப்பு போட்டதில் வானம் கரிச்சட்டி போலக் கறுத்து, மேகம் பஞ்சுப் பொதியாக நின்றது. இன்னொரு படம் ஒரு செம்பருத்திச் செடி. அதில் பூவெல்லாம் வெள்ளை.

"இது வெள்ளைச் செம்பருத்தியா மாமா?"

"ரத்தச் சிவப்பு. சிவப்புக் கண்ணாடி போட்டா சிவப்பெல்லாம் வெளுத்துரும். கண்ணுல வச்சுப் பாரு, தெரியும்."

பார்த்தேன். அன்று முழுக்க அதே விளையாட்டு. சிவப்புப் பென்சிலால் தாளில் எழுதிவிட்டு அந்தக் கண்ணாடி வழியே பார்த்தால் எழுத்து இல்லை. எடுத்தால் இருக்கும். மிளகாய் வற்றல் வெளுத்தது. சுவரில் பூசிய காவிப் பட்டை மறைந்தது. பிறகு அடுக்களையில் குனிந்து அரைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தேன். நெற்றியில் இருந்த குங்குமம் தோலோடு கலந்து காணாமல் போயிற்று.

"எம்மா, ஒன் பொட்டைக் காணோம்!" என்று கத்தினேன்.

அம்மா அம்மிக் குழவியை விட்டுவிட்டு வந்து முதுகில் ஒன்று வைத்தாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா பேசுத பேச்சா இது? வாயைக் கழுவிட்டு வா!" கிணற்றடிக்கு இழுத்துப்போய் உப்புத் தண்ணீரால் மூன்று முறை கொப்பளிக்க வைத்தாள். மாமா தூணில் சாய்ந்து சிரித்தார். "ஏக்கா, அது கண்ணாடியோட வேலை. பிள்ளையை ஏன் அடிக்கே?" என்றார். "ஒன் கண்ணாடியும் ஆச்சு, நீயும் ஆச்சு" என்று அம்மா உள்ளே போய்விட்டாள். அந்தச் சொல்லை இனி என் வாயால் சொல்லக்கூடாது என்பது மட்டும் எனக்கு நன்றாகப் பதிந்தது.

ஆடி பிறந்ததும் அக்காவை வழக்கப்படி எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஆடி முழுதும் தாய்வீட்டில் இருந்துவிட்டு ஆவணி முதல் தேதி திரும்ப வேண்டும். அக்காவுக்குப் பதினேழு வயது. அத்தான் கொண்டுவந்து விட வந்தவர் இரண்டு நாள் தங்கினார். எலுமிச்சைத் தோட்டத்துக்காரர். கையை எப்போது முகர்ந்தாலும் எலுமிச்சை இலை வாசனை வரும். வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைப்பார். அவர் ஏதாவது சொல்லும்போது அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொள்வாள்.

மறுநாள் அம்மா, மாமா, அக்கா, அத்தான், நான் ஐந்து பேரும் வில்வண்டியில் ஐந்தருவிக்குப் போனோம். எனக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்திருந்தது. அம்மாவும் அக்காவும் குளிக்கப் போனார்கள். நான் பாறை ஓரமாக உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். மஞ்சள் கண்ணாடி வழியே அருவியைப் பார்க்க ஆசை. உருக்கிய நெய் கொட்டுவதுபோல் இருந்தது. இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தேன். எண்ணெய்க் கை. பித்தளை வளையம் வழுக்கியது. நீரில் ஒரு மஞ்சள் பளிச்சிட்டது, பிறகு நுரை மட்டும்.

பெட்டியை மூடிவிட்டேன். அருவிக்குள் போய் நின்றேன். அழுதாலும் தெரியாதல்லவா.

குளித்து முடித்ததும் அக்கா அத்தான் எடுத்துக் கொடுத்த சிவப்புச் சேலையைக் கட்டிக்கொண்டாள். கையில் சிவப்புக் கண்ணாடி வளையல்கள். தலை ஈரமாக இருந்ததால் விரித்து, நுனியில் முடிச்சுப் போட்டிருந்தாள். பூ வைக்கவில்லை. அம்மா அவள் நெற்றியில் பெரிதாகக் குங்குமம் இட்டுவிட்டு, பழம் வாங்கக் கடைப் பக்கம் போனாள்.

மாமா மலை தெரியும்படி ஒரு திறந்த இடத்தில் ஸ்டாண்டை ஊன்றியிருந்தார். சாரல் நின்று, மலைக்கு மேலே நீலம் விட்டிருந்தது. சிவப்புக் கண்ணாடி போட்டு மேகத்தை ஒரு படம் எடுத்தார். பிறகு அக்காவையும் அத்தானையும் நிற்கச் சொன்னார்.

"ஏட்டி, மஞ்சளை எடு. ஆளுகளுக்கு அதுதான் நல்லது."

என் கை பெட்டிமேல் அப்படியே இருந்தது. "சிவப்பே இருக்கட்டும் மாமா. அப்பத்தான் மேகம் நல்லா விழும்னு நீங்கதானே சொன்னீக?"

"பாத்தீகளா மாப்பிள்ளை, எனக்கே பாடம் எடுக்கா." மாமா மேலே பார்த்தார். அந்த மேகம் அப்படி ஓர் அழகாக நின்றது. அதுதான் அவரைச் சரி என்று சொல்ல வைத்தது என்று நான் பல வருஷம் என்னைச் சமாதானம் செய்திருக்கிறேன். "சரி, இருக்கட்டும். ஆனா சிவப்புக்கு நேரம் பிடிக்கும். நான் மூணு எண்ணி முடிக்கிற வரைக்கும் மூச்சு விடாம நிக்கணும்."

"ஒங்க மருமவ பக்கத்துல நில்லும்பீக, மூச்சும் விடாதேம்பீக. ரெண்டும் எப்படி மாமா முடியும்?" என்றார் அத்தான்.

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு கல்போல நின்றாள். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். ஒன்று. இரண்டு. அப்போது அத்தான் திரும்பி அக்காவைப் பார்த்தார். மாமா அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அந்த வாரமே மாமாவுக்குக் கப்பல். தூத்துக்குடிக்குப் புறப்படும் அவசரத்தில் பையை அவரே கட்டினார், பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. பிலிம் சுருளைத் தென்காசியில் ஒரு படக்கடையில் கொடுத்து, இது புது மாதிரி பிலிம், சிவப்பு விளக்கையும் அணைத்துவிட்டு முழு இருட்டில் கழுவ வேண்டும் என்று சொல்லி, ஜோடிப் படத்தைப் பெரிதாகப் போட்டு நேரே புளியங்குடிக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். சம்பந்தி வீட்டுக்கு அவர் தரும் பரிசு.

ஆடி முடிய நாலு நாள் இருக்கும்போது அக்காவின் மாமியார் வந்தார்கள். கைம்பெண். படத்தைத் துண்டில் சுற்றி, மார்போடு அணைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். தண்ணீர்கூட வாங்கவில்லை.

"மதினி, நீங்களே பாருங்க. நான் என்னத்தச் சொல்ல?"

அம்மா வாங்கிப் பார்த்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வானம் அமாவாசை போலக் கறுத்திருந்தது. மேகம் மாமா சொன்னபடியே அற்புதமாக விழுந்திருந்தது. அதன் கீழே என் அக்கா வெள்ளைச் சேலையில், விரித்த தலையோடு, வெறும் நெற்றியோடு, வளையல் தெரியாத கைகளோடு, சிரிக்காமல் நின்றாள். பக்கத்தில் நின்றவருக்கு வேட்டி இருந்தது, தோள் இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை போல ஒரு தேய்ப்பு.

அம்மா படத்தைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"ஒங்க பிள்ளையை நான் குத்தம் சொல்ல மாட்டேன் மதினி," என்று அந்த அம்மாள் அழுதார்கள். "அவளை மாதிரி ஒருத்தி எங்களுக்கு வாய்க்க மாட்டா. ஆனா நான் ஏற்கெனவே அவுகளையும் குடுத்து, மூத்தவனையும் குடுத்தவ. இவன் ஒருத்தன்தான் மிச்சம். சோசியர் ஒரு வருசம் பிரிஞ்சு இருக்கட்டும்னு சொல்லுதாரு. ஒரே ஒரு வருசம் இங்கன இருக்கட்டும்."

அவர்களைக் கொடுமைக்காரி என்று எழுதினால் எனக்குச் சுலபம். அவர்கள் அப்படி இல்லை. பயந்துபோன ஒரு தாய். இப்போது என் மகள் இருமினால் எனக்கு வரும் பயத்தைப் பார்க்கும்போது அவர்களைப் புரிந்துகொள்ள முடிகிறது.

அம்மா என்னை முன்னால் இழுத்தாள். "ஏட்டி, நீதானே மாமன் கூட நின்ன? அன்னைக்கு அக்கா பொட்டு வச்சிருந்தாளா இல்லியா?"

"வச்சிருந்தா."

"சேலை?"

"சிவப்பு."

"அப்ப படத்துல எங்க போச்சு?"

அம்மா, அந்த அம்மாள், நிலைப்படியில் நின்ற அப்பா, கதவுக்குப் பின்னால் அக்கா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மஞ்சள் கண்ணாடி எங்கே என்று அடுத்த கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பொட்டைக் காணோம் என்று சொன்னதற்கு வாங்கிய அடி முதுகில் இருந்தது. உப்புத் தண்ணீர் தொண்டையில் கரித்தது.

"தெரியாது" என்றேன்.

"பச்சைப் பிள்ளை. அதுக்கென்ன தெரியும்" என்று அந்த அம்மாளே என் தலையைத் தடவினார்கள்.

மறுநாள் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு படக்கடைக்குப் போனாள். கடைக்காரர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். "நம்ம கடையில எடுத்தா குங்குமம் கறுப்பா விழும் தாயி. ஒங்க கல்யாணப் படத்தை எடுத்துப் பாருங்க, கறுப்புப் பொட்டாத்தான் இருக்கும். இப்படி ஆளை விட்டுட்டு ஓடிப்போன குங்குமத்தை நான் பாத்ததே இல்ல" என்றார். "பிலிம்ல என்ன இருக்கோ அதுதான் தாளுக்கு வரும். நான் அழிக்கவும் இல்ல, எழுதவும் இல்ல." அவர் சொன்னது உண்மை. அந்த உண்மை அம்மாவின் பயத்தை உறுதி செய்தது.

எனக்கு இன்று நினைத்தாலும் ஆறாதது, யாரும் மாமாவுக்கு எழுதிக் கேட்கவில்லை என்பது. அம்மாவுக்குத் தம்பிமேல் கோபம், அவன் கை பட்டுத்தான் இப்படி ஆயிற்று என்று. அப்பாவுக்கு இரக்கம். "தூர தேசத்துல இருக்கான். பரிசு குடுத்தது இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிருவான்" என்றார். கோபமும் இரக்கமும் சேர்ந்து ஒரு கடிதத்தை எழுதவிடாமல் செய்தன. எழுதியிருந்தால் இரண்டு மாதத்தில் விளக்கம் வந்திருக்கும். பிறகு யுத்தம் வந்தது. மாமாவைப் பற்றி அதன்பின் ஒரு தகவலும் இல்லை.

ஐப்பசியில் அத்தான் வந்தார், தாயாருக்குத் தெரியாமல். அக்கா உள்ளறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அத்தான் கூடத்தில் நின்றபடியே பேசினார். "படத்துல மூஞ்சி இல்லன்னா என்னட்டி? இந்தா, மூஞ்சி இங்கன இருக்கு. வந்து பாத்துட்டுச் சொல்லு."

உள்ளே சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். பிறகு, "ஒங்களுக்குப் பயமில்லன்னு எனக்குத் தெரியும். எனக்கு இருக்கு. ஒங்க முகத்தைப் பாத்துப் பாத்து, இது எப்ப அழியுமோன்னு என்னால ஒரு வீட்டுல இருக்க முடியாது. நீங்க எங்கனயாவது நல்லா இருந்தாப் போதும்" என்றாள் அக்கா.

நான் தண்ணீர்ச் செம்போடு நடுவில் நின்றேன். அத்தான் என் பக்கம் திரும்பினார். "ஏ குட்டி, நீயும்தானே அன்னைக்கு இருந்த. நீயாவது ஒங்க அக்காட்டச் சொல்லேன்."

நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள் அத்தான், அதனால்தான் முகம் அழிந்தது என்று என் நாக்கு நுனிவரை வந்தது. உள்ளே போனேன். அக்கா முன்னால் நின்றேன். "அக்கா, அத்தான் கூப்பிடுதாக" என்று மட்டும் சொன்னேன்.

அது எனக்குத் தெரியாதா என்பதுபோல அக்கா என் கன்னத்தைத் தொட்டாள். அத்தான் செம்புத் தண்ணீரைக் குடிக்காமல் போனார்.

அந்த ஒரு வருஷம் முடியும் சமயத்தில் அத்தானுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டார். அவள் பக்கத்தில் இல்லாததால்தான் பிழைத்தார் என்று புளியங்குடியில் சொன்னார்கள். அதை மற்றவர்களைவிட உறுதியாக நம்பியவள் அக்கா. அத்தான் இரண்டாவது கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று அவளேதான் சொல்லி அனுப்பினாள். ஆடிக்கு வந்தவள், அப்படியே இருந்துவிட்டாள்.

எனக்குப் பதினான்கு வயதில் சொல்லத் துணிவு வந்தது. அப்போது அத்தானுக்குப் புது மனைவியிடம் முதல் மகன் பிறந்திருந்தான். இனிச் சொல்லி அந்தப் பெண்ணின் வாழ்க்கையையும் கலைப்பதா என்று விட்டேன். அது நியாயமான யோசனையா, பயத்துக்கு நான் உடுத்திய நல்ல சேலையா, தெரியவில்லை.

இத்தனை நாள் கழித்து இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆவணியில் என் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்த வேண்டும், எனக்கு உடன்பிறந்தான் இல்லை. அக்கா மடியில்தான் உட்கார்த்துவேன் என்று எழுதினேன். பிரசவத்துக்கே தாய்வீட்டுக்கு வரவேண்டாம் என்று என்னைத் தடுத்தவள் அவள்; இதற்கும் அவள் பதில் வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எழுதியதுபோலவே கோணாத எழுத்து.

"உன் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை என்று வருத்தப்படாதே. நான் எட்டி நின்றால்தான் எனக்கு வேண்டியவர்கள் சுகமாக இருக்கிறார்கள். அத்தானைப் பார், இரண்டு ஆண் பிள்ளைகள், தோட்டம் காய்த்துக் குலுங்குகிறதாம். நான் செய்தது வீண் போகவில்லை. என் மடியில் குழந்தையை வைக்காதே."

என் கணவரிடம் இரண்டு நாள் முன்புதான் முழுவதும் சொன்னேன். "சொல்லிவிடு. அது கண்ணாடியின் வேலை என்று தெரிந்தால் அவர்களுக்கு நிம்மதிதானே?" என்றார். ஆண்களுக்கு அது அவ்வளவு சுலபமாகத் தெரிகிறது. சொன்னால் என் அக்கா என் மகளைத் தூக்குவாள். அது நிச்சயம். ஆனால் தன்னால் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்ற ஒன்றைத்தான் அவள் இத்தனை வருஷம் வைத்துக்கொண்டிருக்கிறாள். அதை எடுத்துவிட்டு நான் அவள் கையில் கொடுக்கப்போவது, என் வழுக்கிய கையையும், அவளைத் திரும்பிப் பார்த்த கணவரையும். சொல்லாவிட்டால், இனி நான் பெறும் எந்தக் குழந்தையையும் அவள் தொடாமலே இருந்துவிடுவாள், தன்னைத் தீங்கு என்று நம்பியபடியே.

பதில் கடிதத்தை மூன்று முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். சகோதரிகளே, உங்களில் மூத்தவர்கள், இப்படி ஒன்றைத் தாண்டி வந்தவர்கள், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். சொல்லாதே என்பீர்களானால், அவள் கடிதத்துக்கு நான் என்ன பதில் எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். சொல் என்பீர்களானால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். நான் எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "ஏட்டி, அப்பவே ஏன் நீ சொல்லல?" என்று அவள் கேட்பாள். அதற்கு நான் சொல்ல வேண்டியதையும் சேர்த்து எழுதுங்கள்.